மழை பெய்யாத உயரம்

என் கண்ணே,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். தமிழ் உனக்கு வீட்டில் பேசுகிற பாஷை. படிப்பதற்கு உனக்கு வங்காளமும் ஆங்கிலமும்தான் சுலபம். கோடை விடுமுறைகளில் உன்னைப் பிடித்து உட்கார வைத்து நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகளை நீ இன்னும் மறக்கவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்த உடனேயே "பரவாயில்லம்மா, விடு" என்பாய். நீ சொன்னதும் நானும் விட்டுவிடுவேன். ஒரு வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மெதுவாகப் படி. இதில் இருப்பதெல்லாம் அவசரமாகப் படித்துத் தாண்டிவிடக் கூடாத விஷயங்கள். நீ சரி என்றால் இதை நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் கொடுப்பேன். இங்கே கல்கத்தா பெஹாலாவில் வங்காளிகளிடம் சொன்ன பொய்யை நம் ஆட்களிடமும் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் நடுவில் சொன்ன பொய்யை ஒருத்தர் காதில் மட்டும் திருத்தினால் போதாது. உன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் யாருக்கு முதலில் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. கீழ் வீட்டுக்குத்தான். நாம் இந்தக் கட்டிடத்துக்கு வந்த நாளிலிருந்து நான் பௌதி, அண்ணி, என்று கூப்பிடுகிற பெண். உனக்கு மாஷிமா, பெரியம்மா மாதிரி. அப்பா இறந்த வாரம் முழுக்க நம் வீட்டு அடுப்பை எரிய விடாமல் இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டு வந்தவள். பத்திரிகையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். உட்காரச் சொல்லி சந்தேஷ் இனிப்பு ஒன்று எடுத்துக் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோகாகிட்ட சொல்லு. எனக்கு அவன் மேல இப்போ கோபம் கிடையாது. சின்னப் பையன். தப்பு யாருக்குத்தான் வராது? நான் மன்னிச்சுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி அவன் மனசுல அது இருக்கக் கூடாது" என்றாள். உனக்கு முப்பது வயது தாண்டியும் அவளுக்கு நீ கோகாதான், அந்த வீட்டுச் சின்னப் பையன். நான் தலையை ஆட்டினேன். சந்தேஷைத் தின்றேன். "சொல்றேன் பௌதி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மாடிப்படி பாதி ஏறினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பே செய்யாத என் பிள்ளைக்குக் கிடைத்த மன்னிப்பை நான் கைநீட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஜெர்மனிக்குப் போன பிறகு நீ முதல்முறை லீவில் வந்தது நல்ல வெயில் காலம். மத்தியானம் கரண்ட் போய், பால்கனியில் ஈரத் துணியைத் தொங்கவிட்டு நாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். "அப்படி என்னதான்டா படிக்கிறே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டேன். நீ சொன்னாய். தரையிலிருந்து மேலே போகப் போகக் குளிரும். பிறகு கொஞ்ச தூரம் சூடாகும். மறுபடி குளிர ஆரம்பிக்கும். அப்படிக் குளிர்ந்துகொண்டே போய், எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு எல்லை வரும். அதற்கு மேல் திரும்பவும் ஒரே சூடு. அந்த எல்லைதான் இந்த பூமியைச் சுற்றி இருக்கிற காற்றிலேயே ஆகக் குளிர்ந்த இடம். பனிப்பிரதேசத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அவ்வளவு குளிர் கிடையாது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. அதனால் தரையிலிருந்து ஒரு பச்சை லேசர் வெளிச்சத்தை மேலே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்றாய். "அதிசயம் என்னன்னா அம்மா, வடக்கே கோடை காலத்துலதான் அந்த இடம் ரொம்பக் குளிரும்" என்றாய்.

"சூரியன் நாளெல்லாம் அடிக்கும்போது எப்படிடா குளிரும்?" என்று கேட்டேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. சரியான கேள்வி கேட்டுவிட்டேனாம். கீழேயிருக்கிற காற்று அந்தக் காலத்தில் மேலே ஏறுகிறது, ஏற ஏற விரிகிறது, விரியும்போது குளிர்ந்துவிடுகிறது, கொசு மருந்து ஸ்பிரேயை விடாமல் அழுத்தினால் டப்பா சில்லென்று ஆகிவிடுகிறதே அது மாதிரி என்றாய். அந்தக் குளிரில், எரிந்துபோன விண்கல் தூசியைப் பிடித்துக்கொண்டு பனித்துகள்கள் உண்டாகும், அவைதான் மேகமாகத் தெரியும், சூரியன் மறைந்த பிறகும் வெள்ளி மாதிரி மின்னும், அதிலிருந்து ஒரு சொட்டு மழை விழாது என்றாய். நான் விளையாட்டாக, "அப்போ நாளைக்கு மழை வருமா வராதான்னு உன்னைக் கேட்டா?" என்றேன். "டிவியைக் கேளும்மா. மழை, புயல் எல்லாம் கீழ் அடுக்கு விஷயம். அதுல உனக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும்" என்று சிரித்தாய். எல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து, விஜயா வாழ்த்துச் சொல்லிக்கொள்ள நம் கட்டிடத்துப் பெண்கள் எல்லாரும் பௌதி வீட்டில் கூடியிருந்தோம். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தது. ஒருத்தி மகன் நியூ டவுனில் கம்பெனியில் இருக்கிறான், அங்கேயே பதினாலாம் மாடியில் ஃப்ளாட் வாங்கிவிட்டான். இன்னொருத்தி மருமகன் டாக்டர். என் முறை வந்தது. நீ எனக்குச் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். வானத்தில் ரொம்ப மேலே ஒரு குளிர்ந்த இடம் இருக்கிறது என்று தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்துக்கு முன்பே ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒருத்தி ரொம்ப மரியாதையாக, "அதனால என்ன பிரயோஜனம் மாஷிமா?" என்று கேட்டாள். அலிப்பூரில் அத்தனை வருஷம் ஆபீசில் வேலை பார்த்தவள் நான். எந்த அதிகாரி கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். கண்ணே, இதை எழுதக் கை கூசுகிறது. அந்த நிமிஷம் உன் வேலையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாக்கியம் தானாக வந்தது. "ஆபொஹாவா. வானிலை விஞ்ஞானி. புயல், மழை எல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலை." எழுந்து போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அதோடு நின்றிருந்தால் ஒரு தாயின் பெருமைப் பேச்சு என்று விட்டுவிடலாம். நான் நிறுத்தவில்லை. சரஸ்வதி பூஜைக்குப் பந்தல் போட வந்த பையன்கள் மழை வருமா என்று கேட்டார்கள். டிவியில் சொன்னதைப் பார்த்துக்கொண்டு, "என் பையன்கிட்ட கேட்டேன், வராதாம்" என்றேன். வரவில்லை. மூன்றாம் மாடிப் பெண்ணின் கல்யாணத்துக்கு மொட்டை மாடியில் சாப்பாடு போடலாமா என்று கேட்டார்கள். போனில் பார்த்து, "வேண்டாம்னு சொல்றான்" என்றேன். அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. தெருமுனை டீக்கடையிலிருந்து கூட ஆள் அனுப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். குழந்தைகள் எனக்கு ஆபொஹாவா மாஷிமா என்று பெயர் வைத்தார்கள். அப்பா போன பிறகு, ரிட்டயர் ஆன பிறகு, என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்று ஆகியிருந்தது. திரும்பவும் நாலு பேர் என் பதிலுக்காக நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. உன்னிடம் போனில் பேசும்போது இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதிலிருந்தே தெரிகிறது, செய்வது தப்பு என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிறகு அந்த மே மாதம். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகி வருகிறது என்று டிவியில் ஓயாமல் காட்டினார்கள். பௌதியின் தம்பி பாபன் தெற்கே கடலோரமாக, காக்த்வீப்பைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கிறான். மண் வீடு, தகரக் கூரை, பக்கத்திலேயே வெற்றிலைக் கொட்டகை. உனக்குத் தெரியும், அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடியை வெயில் படாமல் மூங்கிலும் நாணலும் வைத்து வீடு மாதிரி மூடி வளர்ப்பார்கள். அதுதான் அவர்களுக்குச் சோறு. பஞ்சாயத்தில் மைக் வைத்து எல்லாரையும் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பாபன் பெண்டாட்டியையும் குழந்தையையும் அனுப்பிவிட்டான். தான் போவதா, இருந்து கொட்டகைக்கு முட்டுக் கொடுப்பதா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணினான். பௌதி போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறி வந்தாள். "கோகா என்ன சொல்றான்? அவனைக் கேட்டுச் சொல்லேன்" என்றாள்.

நான் உனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் நீ, "எனக்குத் தெரியாதும்மா, பஞ்சாயத்துல சொல்றபடி உடனே கிளம்பச் சொல்லு" என்றிருப்பாய். அது தெரிந்துதான் பண்ணவில்லை. "தெரியாது" என்று நீ சொன்னதை நான் எப்படி அவளிடம் போய்ச் சொல்வேன்? ஏதோ ஒரு சேனலில், புயல் ஒடிசாப் பக்கம் திரும்பலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வெளியே வந்தேன். "ஒடிசாப் பக்கம் போயிடுமாம் பௌதி. நம்ம பக்கம் வெறும் மழைதானாம்." அவள் என் முகத்தையே பார்த்தாள். "நிச்சயமாவா?" என்றாள். அன்று காலையில்தான் நீ வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாய். அந்த வருஷம் நீங்கள் பார்த்த முதல் மேகம். கருநீல வானத்தில் மெல்லிய வெள்ளி நூல் நூலாக. "அம்மா, வந்துடுச்சு!" என்று கீழே எழுதியிருந்தாய். நான் அந்தப் படத்தைத் திறந்து அவளிடம் காட்டினேன். "பார், மேகத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்றான்" என்றேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் எதிரிலேயே தம்பியிடம், "விஞ்ஞானி பையன் படத்தோட அனுப்பியிருக்கான், ஒண்ணும் ஆகாதாம்" என்றாள்.

புயல் ஒடிசாவுக்குப் போகவில்லை. நம் தெருவிலேயே மரங்கள் சாய்ந்தன. அங்கே கரை உடைந்து உப்புத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. பாபன் கொட்டகைக்குள் நின்று மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது மொத்தமும் அவன் மேலேயே சரிந்தது. கால் அடியில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கிடந்திருக்கிறான். காற்று அடங்கிய பிறகுதான் ஆட்கள் போக முடிந்தது. கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நிலம் உப்பேறிப் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பௌதியோடு போய் வந்தேன். ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பௌதியும் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. கோபமெல்லாம் உன் மேல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அவள் நம் வீட்டில் இருந்தாள். நீ புயலைப் பற்றி, மரங்களைப் பற்றி, கரண்ட் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "கோகா, நீ எப்படி அப்படிச் சொன்னே? ஒடிசாவுக்குப் போயிடும்னு எப்படிச் சொன்னே? என் தம்பிக்குக் கால் போச்சு" என்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையில் உன் முகம் தெரிந்தது. ஒன்றும் புரியாமல் விழித்தாய். பிறகு உன் பார்வை அவளைத் தாண்டி என் மேல் வந்தது. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. உனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்போது நான் பேசியிருக்கலாம். பேச நிறைய நேரம் இருந்தது. நீ எனக்காகக் காத்திருந்தாய் என்றுகூடத் தோன்றுகிறது. பிறகு நீ வங்காளத்தில், "என் தப்புதான் மாஷிமா. என்னை மன்னிச்சிடுங்க" என்றாய். அவள் அழுதாள். நீ திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். நான் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். அன்று நான் செய்தது அது மட்டும்தான்.

அதற்குப் பிறகு நீ இதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஒரு கேள்வி, ஒரு குத்தல், எதுவும் இல்லை. துர்கா பூஜைக்கு வந்தாய். டீக்கடைக்காரர்கள் உன்னைப் பார்த்து, "விஞ்ஞானி பாபு, இன்னிக்குக் குடை எடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஒருநாள் காலையில் கிளம்பிப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பினாய். பேன்ட் முழங்கால் வரை சேறு. "பாபன் மாமாவைப் பார்த்துட்டு வந்தேன்" என்றாய். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "இருக்கார்" என்றாய். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாய். முன்பெல்லாம் போன் பண்ணினால் லேசர், குளிர், மேகம் என்று என்னிடம் கொட்டுவாய். பாதி புரியும், பாதி புரியாது, ஆனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், "நல்லாப் போகுதும்மா" என்கிறாய். அந்த மே மாதத்துக்குப் பிறகு நீ எனக்கு ஒரு மேகத்தின் படமும் அனுப்பவில்லை. அனுப்பினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

மாடிப்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. எழுந்து மேலே போகாமல் கீழே இறங்கினேன். பௌதி சமையலறையில் மீனுக்குக் கடுகு அரைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "பௌதி, கோகா அப்படிச் சொல்லவே இல்ல. நான் அவனைக் கேட்கவே இல்ல. நானா சொன்னது." அவள் மிக்சியை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல், "அப்போ அந்தப் படம்?" என்று கேட்டாள். அதுதான் அவளுடைய முதல் கேள்வி. அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மழை மேகம் இருக்கிற உயரத்தைப் போலப் பல மடங்கு மேலே அது இருக்கிறது. பூமியின் காற்றில் அதைவிடக் குளிர்ந்த இடம் இல்லை. கோடையில்தான் அதிகக் குளிர். அந்த மேகம் மழை பெய்யாது, புயலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, அதைப் பார்க்கிறவனுக்கும் தெரியாது. அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். "நல்லாத்தானே புரியுது" என்றாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா?"

"இல்ல பௌதி. நீங்க மதிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். "ஒரு வருஷமா அந்தப் பையனை நான் சபிச்சுட்டு இருந்தேன். தினம் ரெண்டு வேளை. சாமிக்கு விளக்கேத்தும்போது கூட. நீ மேல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தே" என்றாள். பிறகு, "பாபன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லு" என்றாள்.

அந்த வாரமே போனோம். டயமண்ட் ஹார்பர் ரோடில் காக்த்வீப் பஸ் ஏறினோம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் இருந்தது, பையை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். பாபன் வீட்டு வாசலில் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். புதிதாக ஒரு சின்னக் கொட்டகை எழும்பியிருக்கிறது. கொடிகள் இன்னும் மெலிவாகத்தான் இருக்கின்றன. நான் அவன் முன்னால் நின்று சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் வந்தப்போ, இதோ இங்கதான், தரையில உட்கார்ந்தான்" என்று காட்டினான். "ஸ்டூல் போட்டேன், உட்காரல. நான் அவனை என்னென்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாது. அவனோட செத்துப்போன அப்பாவையும் விடல. கையில இருந்த ஊன்றுகோலை அவன் மேல வீசினேன். தோள்ல பட்டுச்சு. எடுத்துக் கொண்டுவந்து திரும்ப என் கையில கொடுத்துட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். 'எங்கம்மா சொன்னது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லலியே." பிளந்த மூங்கிலை ஓரமாகத் தள்ளி வைத்தான். "இப்போ அந்த வார்த்தையை எல்லாம் நான் எங்க கொண்டு போறது?" என்றான்.

அவன் பெண்டாட்டி டீ கொண்டு வந்தாள். எனக்கும்தான். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். குடித்தேன். குடிக்காமல் வைத்தால் அதுவும் ஒரு நடிப்பாகிவிடும் என்று தோன்றியது. நாங்கள் கிளம்பும்போது பாபன், "கோகாவோட கல்யாணம் என்னிக்கு?" என்று அக்காவைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடையில் போய் நின்று, என் பையன் வானிலைக்காரன் இல்லை, இத்தனை நாளாக நான் சொன்னதெல்லாம் டிவியில் பார்த்தது என்று சொன்னேன். ஒருத்தன் சிரித்தான். இரண்டு பேர் என்னைப் பார்க்காமல் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்கள். கடைக்காரர், "அப்போ நாங்க கேலி பண்ணினது?" என்று பாதியில் நிறுத்தினார். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்பாராம். கேட்டால் வாங்கிக்கொள். இது உனக்கு உரியது.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உனக்குக் கசக்கும். அன்று நீ என் பழியைத் தூக்கிக்கொண்டதைப் பெரிய மனசு என்று எல்லாரும் இப்போது சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீ என்னைக் காப்பாற்றவில்லை, கண்ணே. ஒளிந்துகொள்ள எனக்கு இடம் கொடுத்தாய். நான் ஒரு வருஷம் அதில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷன் நொண்டியாகி, பழகிய ஒருத்தி தினமும் உன்னைச் சபித்து, நீ அடி வாங்கி, இத்தனையும் என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்க நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். அன்றே நீ, "அம்மா, இதை நீ சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். அவள் தப்புச் செய்தால் அவளிடமே சொல். அவளுக்காக வெளியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் வாயை மூடிக்கொள்ளாதே. நீ பேசாமல் இருந்த இந்த ஒரு வருஷத்தில் நீ ஜெர்மனியில் இருக்கிறாயா, அதையும் தாண்டி எங்கோ இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தத் தனிமை எனக்கு வேண்டியதுதான். அவளுக்கு வேண்டாம்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ கேட்காமலே மன்னிப்பாய், அது உன் சுபாவம். எனக்கு அது இப்போதைக்கு வேண்டாம். உன் வேலையைப் பற்றி யாராவது இனிமேல் கேட்டால், நீ சொன்னதை நீ சொன்னபடியே சொல்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், அந்த இடம் இருக்கிறது, அது எப்படி இருக்கிறது என்று என் மகன் பார்க்கிறான் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பௌதி வாசலில் நின்று கூப்பிட்டாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "கல்யாணத்துக்கு நானும் பாபனும் வர்றோம்" என்றாள். "கோகாவுக்காக வர்றோம். உனக்காக இல்ல. அவன் கால்ல விழணும்னு பாபன் சொல்றான், வயசுல மூத்தவன் விழக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், கட்டிப் பிடிச்சுக்கட்டும். எங்க பக்கத்துல வந்து உட்காராதே." சரி என்றேன்.

நியூ டவுன் மண்டபத்தில் வாசலில் நிறையப் படி. பௌதியும் பாபனும் வருகிற காரை மண்டபத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல், அங்கே சாய்தளம் இருக்கிறது. நீயே போய் அவர்களை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வை. நான் சடங்குக்குக் கூப்பிடும்போது மட்டும் மேடைக்கு வருகிறேன். மற்ற நேரம் பின்னால் எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.

அம்மா